கைப்பேசிக் கைப்பட்டை

கைப்பேசிக் கைப்பட்டை என்பது கைப்பேசி, இசைக்கருவி, பார்கோடு ஸ்கேனர் முதலிய சிறு மின்னணுக் கருவிகளைக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள உதவும் அணிபொருள் ஆகும். கருவியை வைக்க ஓர் உறை, அதைக் கையில் நிறுத்த ஒரு மீள்பட்டை, பட்டையை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு பூட்டு ஆகிய மூன்றும் இதன் உறுப்புகள். கடைகளில் இது ஆர்ம்பேண்ட் என்ற பெயரில் விற்கப்படுகிறது. ஓடுபவர்களும் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்பவர்களும் இதை மேல்கையில் கட்டுகின்றனர். கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர்கள் முன்கையிலோ மணிக்கட்டிலோ கட்டுகின்றனர். எங்கே கட்டுவது என்பது விருப்பத்தைப் பொறுத்த சிறிய செய்தி போலத் தோன்றினாலும், கைப்பட்டையின் பயனும் தீங்கும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

முன்னோடிகள்

கையில் ஒரு பொருளைக் கட்டிக்கொள்வது தமிழர்க்குப் புதியதன்று. கோயில் சிற்பங்களில் தெய்வ உருவங்களின் மேல்கையில் தோள்வளை காணப்படுகிறது. பெண்கள் அணியும் வங்கி அதன் தொடர்ச்சி. ஆனால் அவை அணிகள். உள்ளே ஒன்றும் வைப்பதில்லை. உள்ளே பொருள் வைத்துக் கையில் கட்டும் உறை என்று பார்த்தால் தாயத்தே கைப்பட்டைக்கு நெருங்கிய உறவு. எழுதிய தகட்டைச் சுருட்டிக் குழலில் அடைத்து, கயிற்றால் மேல்கையில் கட்டுவார்கள். பயணம் புறப்படுபவரின் கையில் துணியில் முடிந்த நாணயத்தைக் கட்டி அனுப்பும் வழக்கம் இசுலாமியக் குடும்பங்களில் உண்டு. கீழே விழாமல், கைகளைத் தடுக்காமல், எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும் என்ற தேவையே இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கருவி ஒன்றைக் கையில் கட்டும் வழக்கம் கடிகாரத்தில் தொடங்கியது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், சட்டைப் பையில் வைக்கும் கடிகாரங்களைச் சிறிய தோல் கிண்ணத்தில் பொருத்தி, வாரால் மணிக்கட்டில் கட்டிக்கொண்ட வீரர்கள் இருந்தனர். துப்பாக்கியைப் பிடித்த கையால் பைக்குள் துழாவ முடியாது என்பதே காரணம். முதல் உலகப் போருக்குப் பின் கடிகாரமே மணிக்கட்டுக்கு ஏற்றவாறு செய்யப்பட்டதால் தோல் கிண்ணம் மறைந்தது. இன்றைய கைப்பட்டை அந்தத் தோல் கிண்ணத்தின் நிலையில்தான் இருக்கிறது. கைக்கென்று செய்யப்படாத ஒரு கருவியைக் கையில் நிறுத்துவதே அதன் வேலை.

1979 சூலை மாதம் சோனி நிறுவனம் வெளியிட்ட வாக்மேன் ஏறத்தாழ 400 கிராம் எடையுடையது. அதை இடுப்பில்தான் மாட்ட முடிந்தது. 2001இல் வந்த முதல் ஐபாட் 184 கிராம். அதனுள் சுழலும் வன்தட்டு இருந்ததால் குலுக்கல் அதற்கு ஆகாது. 2005இல் சுழலும் பகுதி எதுவும் இல்லாத ஐபாட் நேனோ 42 கிராம் எடையில் வந்தது. கையில் கட்டிக்கொண்டு ஓடினாலும் பாட்டு நிற்காது, பாரமும் தெரியாது. கைப்பட்டைகள் பரவலானது இந்தக் காலத்தில்தான். பிறகு இசைக்கருவியின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. எடை மறுபடியும் ஏறத் தொடங்கியது.

மணிமங்கலம் வட்டாரமும் கைப்பேசியும்

எடை ஏறிய கதையைக் காண வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில், தாம்பரத்திற்கும் திருப்பெரும்புதூருக்கும் இடைப்பட்ட ஊர் மணிமங்கலம். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை 642ஆம் ஆண்டளவில் வென்ற களங்களுள் ஒன்று என வரலாற்றுப் பாடத்தில் மாணவர்கள் இதை அறிவர். இன்று இதன் மேற்கிலும் தெற்கிலும் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் எனத் தொழிற்பேட்டைகள் விரிந்துள்ளன. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், தொலைக்காட்சி, கைப்பேசி ஆகிய அனைத்தும் இவ்வட்டாரத்தில் செய்யப்படுகின்றன.

திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்டது. அந்தக் காலத்தில் நாடெங்கும் விற்ற பொத்தான் கைப்பேசியான நோக்கியா 1100இன் எடை 86 கிராம். சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. 2019இல் இதே வட்டாரத்தில் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் எக்ஸ்ஆர் பூட்டப்பட்டது. அதன் எடை 194 கிராம், நீளம் 15 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. உறையும் கண்ணாடிக் காப்பும் சேர்ந்தால் கால் கிலோவை நெருங்கிவிடும். பதின்மூன்று ஆண்டுகளில் கருவி இரண்டு மடங்குக்கு மேல் கனத்துவிட்டது. அதைச் சுமக்கும் கை அப்படியேதான் இருக்கிறது.

எடையும் கையும்

கைப்பேசியை எங்கே கட்டினாலும் எடை ஒன்றுதானே என்று கேட்கலாம். கை அசையாமல் தொங்கும்போது அது ஓரளவு சரி. கை வீசும்போது சரியன்று. ஓடுபவரின் கை தோள்மூட்டை அச்சாகக் கொண்டு முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. ஊசலாடும் பொருளை அசைக்கவும் நிறுத்தவும் தேவைப்படும் முயற்சி அதன் நிறையை மட்டும் பொறுத்ததன்று, அச்சிலிருந்து அது இருக்கும் தொலைவின் இருமடியையும் பொறுத்தது. மேல்நிலை இயற்பியல் மாணவர்கள் இதை நிலைமத் திருப்புத்திறன் என்ற பெயரில் படிக்கின்றனர்.

200 கிராம் எடையுள்ள கைப்பேசியை மேல்கையில், தோள்மூட்டிலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் கட்டுவதாகக் கொள்வோம். 0.2 கிலோவை 0.15 மீட்டரின் இருமடியால் பெருக்கினால் 0.0045 கிடைக்கிறது. அதே கைப்பேசியை மணிக்கட்டில், 50 சென்டிமீட்டர் தொலைவில் கட்டினால் 0.05 கிடைக்கிறது. அதாவது ஏறத்தாழ பதினொரு மடங்கு. ஓடும்போது முழங்கையை மடக்குவதால் மணிக்கட்டு தோளுக்குச் சற்று நெருங்கி வரும், மடங்கு குறையும். ஆனாலும் வேறுபாடு பெரிதாகவே இருக்கும். ஐயம் உள்ளவர்கள் கால் கிலோ சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை முதலில் மேல்கையிலும் பிறகு மணிக்கட்டிலும் துணியால் கட்டி, நூறு முறை கையை வீசிப் பார்க்கலாம். தோள் விடை சொல்லிவிடும்.

ஓட்டத்திற்கு மேல்கையே ஏற்றது என்பதன் காரணம் இதுதான். ஆனால் மேல்கையில் கட்டிய கைப்பேசியின் திரையைக் கட்டியவரே சரியாகப் பார்க்க முடியாது. ஓடுபவருக்கு அது குறையன்று. அவருக்குப் பாட்டும் தொலைவுக் கணக்கும் போதும். கிடங்குத் தொழிலாளிக்கோ திரையைப் பார்ப்பதே வேலை. அதனால்தான் அவர் பளுவைப் பொறுத்துக்கொண்டு முன்கையில் கட்டுகிறார்.

தொழிற்சாலையிலும் கிடங்கிலும்

கார் ஒன்றைப் பூட்டும் வரிசையில் எந்தப் பாகம் எந்த வண்டிக்கு என்பது பிசகக் கூடாது. ஒவ்வொரு பெட்டியிலும் பாகத்திலும் பார்கோடு ஒட்டப்பட்டிருக்கும். எடுப்பவர் அதை ஸ்கேன் செய்துவிட்டு எடுக்க வேண்டும். துப்பாக்கி வடிவ ஸ்கேனராக இருந்தால் அதைக் கையில் எடுத்து, ஸ்கேன் செய்து, கீழே வைத்து, பிறகு பெட்டியைத் தூக்க வேண்டும். ஒரு முறைக்குச் சில நொடிகள்தான். ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான முறை என்றால் அந்த நொடிகள் நிமிடக்கணக்காகின்றன. ஸ்கேனரை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெட்டி தூக்குபவர்களும் உண்டு. பெட்டியோ ஸ்கேனரோ விழுவது அப்போதுதான்.

இதற்கு விடையாக 1990களில் அமெரிக்காவின் சிம்பல் டெக்னாலஜீஸ் நிறுவனம் முன்கையில் கட்டும் சிறு கணினியையும், விரலில் மோதிரம் போல் அணியும் ஸ்கேனரையும் இணைத்து உருவாக்கியது. கணினி கையில் இருக்கும், விரல் சுட்டிய பார்கோடைப் படிக்கும், இரு கைகளும் பெட்டியைத் தூக்கும். இவ்வகைக் கணினிகள் பெரும்பாலும் 200 முதல் 300 கிராம் எடையுடையவை. செருமனியின் மியூனிக் நகரில் 2014இல் தொடங்கப்பட்ட புரோகுளோவ் நிறுவனம் இன்னொரு வழியில் சென்றது. புறங்கையில் பொருந்தும் சிறு ஸ்கேனர் ஒன்றைக் கையுறையோடு சேர்த்தது. கணினியைக் கையிலிருந்து அகற்றிவிட்டதால் சுமப்பது சில பத்து கிராம்தான். மணிக்கட்டுக்கு அருகே ஒவ்வொரு கிராமும் பன்மடங்காகக் கணக்கில் வரும் என்ற மேற்கண்ட பாடம் இங்கே தொழிலாகியிருக்கிறது.

ஷிப்டு மாறும்போது ஒரு சிக்கல் எழுகிறது. மூன்று ஷிப்டு ஓடும் இடத்தில் ஒரே கருவி ஒரு நாளில் மூன்று பேர் கையில் ஏறும். கருவி பொதுவாக இருக்கலாம், பட்டை பொதுவாக இருக்கக் கூடாது. எட்டு மணி நேர வியர்வை ஊறிய பட்டையை அடுத்தவர் கட்டிக்கொண்டால் படையும் சொறியும் கைமாறும். ஆகவே தோலில் படும் பட்டையை ஒவ்வொருவருக்கும் தனியாகக் கொடுத்து, கருவியை மட்டும் கழற்றி மாட்டும் வகையில் செய்யப்பட்டவையே நல்லவை. தனிப்பட்டை கேட்பது ஆடம்பரம் அன்று.

அளவு இன்னொரு சிக்கல். சந்தைக்கு வரும் கைப்பட்டைகளில் பல வெளிநாட்டு ஆண்களின் கையைக் கருத்தில் கொண்டு வெட்டப்பட்டவை. இவ்வட்டார மின்னணு ஆலைகளில் வேலை செய்பவர்களில் இளம்பெண்களே மிகுதி. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஒரு விடுதி வளாகத்தில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். மேல்கைச் சுற்றளவு 22, 23 சென்டிமீட்டர் உள்ள பெண்கள் நம் ஊரில் அரியவர் அல்லர். பெரிய பட்டையை அந்தக் கையில் கடைசித் துளைவரை இறுக்கினாலும் வழுகும். வழுகுவதைத் தடுக்க முடிச்சுப் போட்டால் வெட்டும். வாங்குவதற்கு முன் தையற்கடை நாடாவால் கையை அளந்துகொள்வதே வழி. பட்டையின் அளவு எல்லை, உங்கள் கையளவுக்கு இரு பக்கமும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட வேண்டும்.

பெண்களுக்கு இந்தப் பொருள் உண்மையில் கூடுதலாகப் பயன்படக் கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆணின் சட்டைக்கும் கால்சட்டைக்கும் பைகள் உண்டு. சேலைக்கும் பெரும்பாலான சுடிதார்களுக்கும் பை கிடையாது. அதிகாலையில் நடைப்பயிற்சிக்குச் செல்லும் பெண் கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்கிறார், அல்லது இடுப்பில் செருகுகிறார். கைப்பட்டை இந்தக் குறையை நீக்கும்.

கைப்பட்டையோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, மின்னணு ஆலைகளில் மணிக்கட்டில் அணியும் நிலைமின் காப்புப் பட்டை. உடம்பில் சேரும் நிலைமின்னூட்டம் நுண்சில்லுகளைச் சிதைத்துவிடும் என்பதால், அதைத் தரைக்குக் கடத்த இந்தப் பட்டையும் கம்பியும் உதவுகின்றன. கம்பியில் பெரும்பாலும் 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்று இருக்கும். தொழிலாளி தவறுதலாக 230 வோல்ட் மின்சாரத்தைத் தொட்டுவிட்டாலும், இந்தப் பட்டை வழியே 0.23 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயாதபடி அது காக்கிறது. சாதாரண நைலான், ரப்பர் கைப்பட்டைகளோ நேர் எதிரானவை. உரசினாலும் வெல்க்ரோவைப் பிரித்தாலும் நிலைமின்னூட்டம் உண்டாகும். ஆகவே நுண்சில்லு கையாளும் இடத்திற்குள் அவற்றை அணிந்து செல்லக் கூடாது.

கடைசல், துளையிடும் எந்திரம் போன்ற சுழலும் எந்திரங்களுக்கு அருகில் எந்தக் கைப்பட்டையும் ஆகாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓடும் எந்திரத்தின் அருகே சென்று பார்க்க நேரும் தொழிலாளி உடலோடு ஒட்டிய இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும் என்றது. தொங்கும் பட்டை நுனியும் காதொலிக் கம்பியும் அந்த விதி தடுக்க நினைத்த ஆபத்தையே திரும்பக் கொண்டுவருகின்றன. துளையிடும் கம்பியில் பட்டை சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது.

பொருள்களும் பூட்டும்

உறையும் பட்டையும் பெரும்பாலும் நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் 1930இல் இது கண்டறியப்பட்டது. நுரையாக வார்க்கும்போது உள்ளே சிறு வாயுக் குமிழ்கள் அடைபடுவதால் மெத்தென்று இருக்கும், தண்ணீர் குடிக்காது. அதே குமிழ்கள் வெப்பத்தையும் வெளியே விடா. இதைப் பற்றிக் கீழே காண்க. மலிவான பட்டைகளில் நைலானும் மீள்நூலும் கலந்த நாடா இருக்கும். நம் வெயிலுக்கு அது மோசமில்லை, காற்றுப் போகும். உறையின் முகப்பில் உள்ள ஒளிபுகும் மென்தகடு மெல்லியதாக இருந்தால்தான் விரலின் தொடுகையைத் திரை உணரும்.

பூட்டாக அமைவது வெல்க்ரோ. சுவிட்சர்லாந்தின் சார்ச் டி மெசுட்ரால் 1941இல் நாயோடு வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது துணியிலும் நாயின் மயிரிலும் ஒட்டியிருந்த முட்காய்களை உருப்பெருக்கியில் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். நம் ஏரிக்கரைகளில் வளரும் மருளூமத்தையின் காயிலும் அதே வளைந்த கொக்கிகளைக் காணலாம். மாணவர்கள் ஒரு காயையும் வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கத்தையும் உருப்பெருக்கியில் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

வெப்பமும் வியர்வையும்

பெரும்பாலான கைப்பேசி நிறுவனங்கள் தம் கருவிகளைச் சுற்றுப்புற வெப்பநிலை 35 டிகிரி செல்சியசுக்குள் பயன்படுத்துமாறு கூறுகின்றன. சென்னையைச் சுற்றி மே மாதப் பகல் 40 டிகிரியைத் தாண்டுகிறது. நியோபிரீன் உறைக்குள் ஒரு பக்கம் 33, 34 டிகிரி சூடுள்ள தோல், மறுபக்கம் வெயில், நடுவே தானே சூடாகும் கருவி. பாட்டும் வழிகாட்டியும் ஒன்றாக ஓடினால் சூடு இன்னும் ஏறும். கைப்பேசி திரையை மங்கலாக்கும், பிறகு எச்சரிக்கும். அடிக்கடி இப்படிச் சூடானால் லித்தியம் அயனி மின்கலத்தின் ஆயுள் குறையும். காலை எட்டு மணிக்குப் பிறகு மூடிய உறையைத் தவிர்ப்பதும், வெயிலில் கட்டியபடியே மின்னேற்றாமல் இருப்பதும் நல்லது.

கைப்பேசி தண்ணீர் புகாதது என்று விளம்பரம் சொல்லும். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. வியர்வையில் உப்பு இருக்கிறது; மின்னேற்றும் துளையில் அது சேர்ந்தால் உலோகம் அரிக்கும். துளை கீழ்நோக்கி இருக்குமாறு வைத்தால் மேலிருந்து வழியும் வியர்வை உள்ளே தேங்காது.

தோலுக்கும் கேடு உண்டு. நியோபிரீன் தயாரிப்பில் சேர்க்கப்படும் தயோயூரியா வகை வேதிப்பொருள்கள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். பட்டை பட்ட இடத்தில் மட்டும் சதுரமாகச் சிவந்து அரித்தால் வேர்க்குரு என்று விட்டுவிடாமல் பட்டையை மாற்ற வேண்டும்.

இறுக்கம்

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகள் ஆழத்தில் உள்ளவை, அழுத்தம் மிகுந்தவை. திரும்பக் கொண்டுசெல்லும் சிரைகளில் பல தோலுக்கு அடியிலேயே உள்ளன, அழுத்தமும் குறைவு. இறுக்கமான பட்டை முதலில் சிரைகளையே நசுக்கும். இரத்தம் கைக்கு வரும், திரும்பிப் போகாது. விரல்கள் வீங்கும், மோதிரம் இறுகும், நிறம் கறுக்கும். மேல்கை எலும்பின் பின்புறத்தை ஒட்டி ஆரை நரம்பு செல்கிறது. அங்கே நெடுநேரம் அழுத்தம் இருந்தால் புறங்கை மரத்துப்போகும், மணிக்கட்டை உயர்த்துவதும் கடினமாகலாம்.

பட்டைக்கு அடியில் இரண்டு விரல்கள் எளிதில் நுழைய வேண்டும். கட்டிய கையின் நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஓடத் தொடங்கியபின் தசை புடைக்கும் என்பதால், பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது அவசியம்.

சிலர் கட்டவே கூடாத கை உண்டு. டயாலிசிசுக்காகக் கையில் இரத்தக்குழாய் இணைப்பு செய்யப்பட்டவர்கள் அந்தக் கையில் பட்டை, கடிகாரம், இறுக்கமான வளையல் எதையும் கட்டக் கூடாது. இணைப்பு அடைபட்டால் டயாலிசிசுக்கான வழியே போய்விடும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டவர்கள் அந்தப் பக்கக் கையைத் தவிர்க்க வேண்டும். இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்கள் காந்தம் உள்ள கைப்பேசிகளையும் காந்தப் பூட்டுள்ள பட்டைகளையும் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வைக்குமாறு கைப்பேசி நிறுவனங்களே அறிவுறுத்துகின்றன. முடுக்கி பெரும்பாலும் இடது காறை எலும்பின் கீழ் இருப்பதால், இடது மேல்கை அவர்களுக்கு ஏற்றதன்று.

சாலையில்

உணவும் பொட்டலமும் கொண்டுசெல்லும் இருசக்கர வாகன ஓட்டிகளில் சிலர் கைப்பேசியை இடது முன்கையில் கட்டி வழி பார்க்கின்றனர். கைப்பிடியில் பொருத்துவதை விட இது கருவிக்கு நல்லது எனலாம். மோட்டார் சைக்கிளின் அதிர்வு கைப்பேசிக் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2021இல் எச்சரித்தது. ஆனால் ஓட்டுபவருக்கு நல்லதன்று. முன்கைத் திரையைப் பார்க்கக் கையைத் திருப்ப வேண்டும், திருப்பினால் பிடி தளரும். 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதி, ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் வழிகாட்டுதலுக்கு மட்டும் கைக்கருவியைப் பயன்படுத்த இடம் தருகிறது. வண்டியை ஓரம் கட்டிப் பார்ப்பதும், காதுவழியே குரல் வழிகாட்டியைத் தாழ்ந்த ஒலியில் கேட்பதும் பாதுகாப்பானவை.

போட்டிகளில்

பயிற்சியில் கைப்பட்டை அணியும் மாணவர்கள் போட்டியன்று அதைக் கழற்றிவிட வேண்டும். உலகத் தடகள அமைப்பின் விதிகளின்படி போட்டிக் களத்திற்குள் கைப்பேசி, இசைக்கருவி முதலியவற்றை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் தடைசெய்யப்பட்ட உதவியாகக் கருதப்படும். இதயத்துடிப்பையும் வேகத்தையும் அளக்கும் கருவிகளை, அவற்றால் வேறு எவரோடும் தொடர்பு கொள்ள முடியாது என்றால், அணியலாம்.

பராமரிப்பு

கைப்பேசியை எடுத்துவிட்டு, பட்டையை மிதமான சோப்பு நீரில் கையால் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் ரப்பர் வெடிக்கும். வெல்க்ரோவை ஒட்டிய நிலையில் துவைத்தால் கொக்கிகளில் நூலும் முடியும் சேராது. சேர்ந்துவிட்டால் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுக்கலாம். வாரம் இரு முறை துவைத்தும் நாற்றம் போகாத பட்டையின் உள்நுரை கிழிந்திருக்கலாம். அதைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது.